சுண்டிப்போன டீ கப்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். அலமாரியை ஒழித்துக் கொடுங்கள் என்றதும், இருபது வருஷத்துக் காகிதமும் தூசியும் கட்டிலுக்கு இறங்கின. காலாவதியான பாஸ்போர்ட்டுகள், ஹெலிகாப்டர் கடலில் கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்கியபடி தப்பிப்பது எப்படி என்று பயின்றதற்கான சான்றிதழ், ஜோடி தொலைந்த காலுறை. இவற்றுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா. தம்பி மகள்தான் அதைத் திறந்தாள். பஞ்சுக்குள் இருந்ததை எடுத்து உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தாள்.

“பெரியப்பா, இது எந்தப் பொம்மையோட கப்பு?”

தெர்மோகோல் டீ கப். கட்டைவிரலில் பாதி உயரம்தான் இருக்கும். நகத்தால் தட்டினால் ‘டக்’ என்று சத்தம் வரும், அவ்வளவு கெட்டி. பக்கவாட்டில் என் தாத்தா பேரும் அதற்குக் கீழே ‘1,140 மீ’ என்ற எண்ணும், எறும்பு பேனா பிடித்து எழுதிய மாதிரி.

“பொம்மையோடது இல்லம்மா. நாங்க டீ குடிக்கிற கப்புதான். கடலுக்கு அடியில போயிட்டு வந்துச்சு, இப்படி ஆயிருச்சு.”

அவள் நம்பவில்லை. நம்பாத முகத்தை வைத்துக்கொண்டே கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளையடிக்க வந்தவரும் வாளியைக் கீழே வைத்துவிட்டார். அன்று எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றுதான் முடிந்தது.

கப் சுருக்குவது எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகளில் ஒரு சடங்கு. முதல் தடவை கடலுக்கு வந்தவர், வேலையை விட்டுப் போகிறவர், ஊரில் குழந்தை பிறந்த சேதி வந்தவர் எல்லாரும் மெஸ்ஸிலிருந்து ஒரு கப்பை எடுத்து, அழியாத மையில் பேர் எழுதி எங்களிடம் கொண்டுவருவார்கள். உள்ளே டிஷ்யூ பேப்பரைத் திணிக்க வேண்டும். இல்லாவிட்டால் கோணிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் வெங்காயம் வருகிற வலைப்பையில் போட்டு ஆளில்லாமல் கடலடிக்கு இறங்கும் இயந்திரமான ஆர்.ஓ.வி.யின் கூண்டில் கட்டி இறக்குவோம். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் கூடும். ஆயிரம் மீட்டரில் அதுவே நூறு மடங்கு. தெர்மோகோலில் பெரும்பங்கு காற்றுதானே. அந்தக் குமிழ்கள் நசுங்கி, கப் உருவம் மாறாமல் சுண்டிவிடும். மேலே வந்த பிறகும் விரியாது.

நான் பார்த்தது ஆர்.ஓ.வி. பைலட் வேலை. பெண் பார்க்கப் போன இடத்தில் பைலட் என்றதும் விமானம் ஓட்டுகிறவன் என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மாவும் திருத்தவில்லை. நான் ஓட்டியது மஞ்சள் பெயிண்ட் அடித்த, ஒரு சிறிய வேன் அளவு இயந்திரம். அதில் ஆள் ஏற முடியாது. இரும்புக் கவசம் போட்ட கேபிள் ஒன்று மேலிருந்து மின்சாரத்தைக் கொண்டுபோகும், கீழிருந்து படத்தைக் கொண்டுவரும். முன்னால் இரண்டு இரும்புக் கைகள். வலது கை ஏழுவிதமாக அசையும், போல்ட்டைக்கூடப் பிடித்துத் திருகும். இடது கை முரடு, எதையாவது பற்றிக்கொள்ள மட்டும். நாங்கள் மேலே ரிக் தளத்தில், ஏசி குளிரில் விறைத்துப்போன ஒரு கண்டெய்னருக்குள், நாற்காலியில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கால் ஓட்டுவோம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இருபத்தெட்டு நாள் கடல், இருபத்தெட்டு நாள் ஊர்.

ராஜமுந்திரியில் ஹெலிகாப்டர் ஏறினால் கோதாவரியின் பழுப்பு நீர் கடலுக்குள் வெகுதூரம் விசிறிபோல் விரிவது தெரியும். பழுப்பு பச்சையாகி, பச்சை நீலமாகி, நீலம் கருத்த பிறகுதான் ரிக் கண்ணில் படும். கிருஷ்ணா - கோதாவரி படுகையில் ஆழ்கடல் எரிவாயு தேடும் வேலை அப்போது சூடுபிடித்திருந்த காலம். எங்களுக்கு வேலை கடல் தரையில். கிணற்றுத் தலையின் மேல் பி.ஓ.பி. என்கிற பல மாடி உயர இரும்பு வால்வுக் கோபுரத்தை உட்கார வைப்பார்கள். அதில் கசிவு உண்டா, சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, வால்வு திருகுவது, மேலிருந்து விழுந்த சாமானைத் தேடுவது. இதுதான் சம்பளத்துக்கான வேலை. நான் சொல்லப்போவதற்குச் சம்பளம் கிடையாது.

இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். முதலில் சிவப்பு போகும். இருநூறு மீட்டரில் நீலம் மசியாகிவிடும். பிறகு எங்கள் விளக்கு காட்டுவதுதான் உலகம். அந்த வெளிச்சத்துக்குள் ஓயாமல் வெள்ளைத் துகள்கள். மேல்மட்டத்தில் செத்த நுண்ணுயிர், கழிவு, சளி எல்லாம் மெல்லக் கீழே உதிர்ந்துகொண்டே இருக்கும். கடல்பனி என்று அழகாகப் பேர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைவிட வேகமாக இறங்குவதால் திரையில் பனி கீழிருந்து மேலே பொழியும்.

வங்கக்கடலில் இருநூறு மீட்டர் தொட்டு ஏறத்தாழ எண்ணூறு மீட்டர் வரை ஆக்ஸிஜன் மிகக் குறைந்த ஓர் அடுக்கு உண்டு. கங்கையும் கோதாவரியும் கொட்டுகிற நன்னீர் மேலே மூடிபோட்ட மாதிரி படுத்துக்கொள்வதால், மேல்நீரும் கீழ்நீரும் கலப்பது குறைவு. அந்த அடுக்கைக் கடக்கும்போது திரையில் பெரிதாக ஒன்றும் வராது. என் சீனியர் ஒரு மலையாளி. பாம்பே ஹையில் தொடங்கி வடகடல் வரை வேலை பார்த்தவர். எல்லாருக்கும் அவர் ‘சேட்டன்’தான். அந்த அடுக்கை அவர் “மருபூமி” என்பார், அவர் மொழியில் பாலைவனம். மருபூமி முடியும்வரை காலை நீட்டிச் சாய்ந்திருப்பார். ஆழம் எண்ணூற்றைம்பதைத் தாண்டியதும் கையிலிருக்கும் கப்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். “இனி நோக்கிக்கோ மோனே.”

முதன்முதலாக நான் பயந்தது ஒரு கயிற்றைப் பார்த்து. திரையின் குறுக்கே வெளுப்பாக, வளைந்து வளைந்து ஒரு வடம் மிதந்து வந்தது. எங்கள் கேபிள்தான் அறுந்து சுருண்டு வருகிறது என்று நெஞ்சு அடைத்துவிட்டது. சேட்டன் விளக்கைக் கூட்டினார். வடம் முழுக்கக் கண்ணாடி மணிகளும் மெல்லிய தும்புகளுமாக இருந்தது. ஒரு மணி சுருங்க, அடுத்தது சுருங்க, அலை ஒன்று அதன் நீளத்துக்கும் ஓடியது. அதன் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. சைஃபனஃபோர் என்று அதற்குப் பேர் எனப் பிறகு தெரிந்துகொண்டேன். பார்க்க ஒரே பிராணி, உண்மையில் கூட்டுக்குடும்பம். நீந்துவதற்கென்று சிலது, இரை பிடிக்கச் சிலது, இனம் பெருக்கச் சிலது என்று ஆயிரக்கணக்கான உடல்கள் ஒட்டிப் பிறந்து வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2020-இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், நிங்கலூவுக்கு அப்பால், சுருள்சுருளாக மிதந்த ஒன்றின் வெளிவட்டத்தை மட்டும் 47 மீட்டர் என்று கணக்கிட்டார்கள். சேதியைப் படித்தபோது அந்தக் கண்டெய்னரின் குளிர் முதுகில் ஏறியது.

இனி ‘புல்ஸ் ஐ’ கதை. கிணற்றுத் தலையின் அடித்தட்டில் ஒரு வட்டக் குமிழ்மட்டம் ஒட்டியிருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்துக்கு அண்ணன். குமிழ் எந்த வட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து, கிணறு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என மேலே சொல்ல வேண்டும். இரவு ஷிப்ட், மூன்று மணி இருக்கும். இன்டர்காமில் கம்பெனி மேன் அளவு கேட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி மேன் என்பவர் கிணற்றுக்குச் சொந்தக்காரர்களின் ஆள், ரிக்கில் அவர் வைத்ததுதான் சட்டம். நான் கேமராவைக் கிட்டே கொண்டுபோனேன். குமிழ்மட்டத்தின் கண்ணாடி மேல் ஏதோ உட்கார்ந்திருந்தது.

பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டியாக ஓடுமே, தொட்டால் மிளகுபோல உருண்டு கொள்ளுமே, அந்தப் பூச்சி. ஆனால் ஒரு ஜாணுக்கு மேல் நீளம். வெளிறிய ரோஜா நிறத்தில், ஓட்டின்மேல் ஓடாக அடுக்கிய முதுகு. ஏழு ஜோடிக் கால்கள். நான் இரும்புக் கையை மெதுவாக நீட்டினேன். அது திரும்பியது. முக்கோணக் கண்கள் இரண்டும் எங்கள் விளக்கை வாங்கி, இரவில் சாலையோரப் பூனைக் கண்போலத் திருப்பி அடித்தன. ஓடவில்லை. முன்கால்களால் மீசையைத் துடைத்துக்கொண்டது, சலூன் நாற்காலியில் உட்கார்ந்த பெரிய மனிதர் மாதிரி.

“எவ்வளவு டிகிரி?” என்றது இன்டர்காம்.

சேட்டன் மைக்கை எடுத்தார். “விசிபிலிட்டி மோசம் சார். பத்து நிமிஷம் கொடுங்க.”

தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. பத்து நிமிஷமும் நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அது தானாகவே எழும்பி, மல்லாந்தபடி கால்களை அடித்து நீந்தி இருட்டுக்குள் போயிற்று. குமிழ் அரை டிகிரியில் நின்றது. லாக் புத்தகத்தில் சேட்டன் எழுதினார்: 03:10, விசிபிலிட்டி மோசம், காத்திருப்பு. 03:20, புல்ஸ் ஐ, அரை டிகிரி.

லாக் புத்தகத்தில் நேரம், ஆழம், வேலை, கோளாறு என்று கட்டங்கள் உண்டு. இதற்குக் கட்டம் கிடையாது. ரிக்கின் ஒரு நாள் வாடகையே லட்சக்கணக்கான டாலர். ‘பூச்சி பார்த்தோம், பத்து நிமிஷம்’ என்று எழுதினால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு யார் பணம் கட்டுவது? அன்றிலிருந்து எங்களுக்குள் அது ஒரு குழூஉக்குறி ஆகிவிட்டது. மாற்று ஷிப்ட்காரர்கள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “நேத்து ராத்திரி விசிபிலிட்டி எப்படி மோசம்? கால் இருந்துச்சா, துடுப்பா?” என்று கேட்பார்கள்.

அந்தப் பூச்சிக்கு பேத்திநோமஸ் என்று பேர். மெக்சிகோ வளைகுடாவில் வலையில் வந்த ஒன்றை வைத்து, 1879-இல் அல்போன்ஸ் மில்ன் எட்வர்ட்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் முதலில் எழுதினார். ஆழ்கடலில் உயிரே கிடையாது என்று பெரிய படிப்பாளிகளே நம்பிய காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. ஜப்பானில் டோபா என்ற ஊர் மீன் காட்சியகத்தில் ஒன்றை வளர்த்தார்கள். 2009 ஜனவரியில் ஒரு மீனைத் தின்றது, அதன் பிறகு எதைப் போட்டாலும் தொடவில்லை. ஐந்து வருஷம் பட்டினி கிடந்து 2014-இல்தான் செத்தது. மேலிருந்து எப்போதாவது விழும் பிணத்தை நம்பி வாழ்கிற ஜீவனுக்குப் பசியைப் பற்றி வேறு கணக்கு இருக்கும்போல. 2023-இல் தைவானில் அதை ராமென் கிண்ணத்தில் வைத்துப் பரிமாறினார்களாம். மீசை துடைத்த பெரிய மனிதரை நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு நூறு வருஷம் முன்பே இதே வங்கக்கடலில் ஒருவர் இந்த வேலையைப் பார்த்திருக்கிறார் என்பது ரொம்பப் பிந்தித்தான் எனக்குத் தெரியும். ஆல்ஃபிரட் ஆல்காக் என்ற வெள்ளைக்கார டாக்டர். ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற கடல் அளவைக் கப்பலில் வைத்தியராகவும் இயற்கை ஆராய்ச்சியாளராகவும் போனவர். கம்பியில் வலை கட்டி ஆழத்தில் இழுத்து, வந்ததையெல்லாம் சாராயத்தில் போட்டு, வரைந்து, பேர் வைத்து, 1902-இல் புத்தகமாகவும் எழுதினார். அவர் கைக்கு வந்தவை பெரும்பாலும் செத்தோ சாகக் கிடந்தோ, நிறம் வெளுத்து நைந்து வந்தவை. உயிரோடு, அதனதன் வீட்டில் பார்க்கிற கொடுப்பினை எங்களுக்குத்தான் வாய்த்தது. ஆனால் அவருக்கு எழுத ஒரு புத்தகம் இருந்தது.

லீவில் ஊருக்கு வந்தால் முதல் சாயங்காலம் தாத்தாவுக்கு. திரேஸ்புரத்தில் ஓட்டு வீடு. அவர் சங்குக் குளியாளி. தூத்துக்குடியில் 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பிலும் இறங்கியவர். கல்லோடு இறங்கி, ஒரே மூச்சில் எட்டுப் பாகம் பத்துப் பாகம் போய் வந்த மனுஷன். ஒரு காது சுத்தமாகக் கேட்காது, மற்றது பாதி. அந்தத் தொழில் எடுத்துக்கொண்ட கூலி அது. கேட்கிற காதுப் பக்கமாக உட்கார்ந்து, சத்தமாகத்தான் கதை சொல்ல வேண்டும். தெருவுக்கே கேட்கும்.

“நீ எறங்கலையா?” என்றார் முதல் தடவை.

“இல்ல தாத்தா. மிஷின்தான் போவும். நான் மேல இருந்து டி.வி.ல பாப்பேன்.”

“அப்ப கயித்தைப் புடிச்சிருக்கது யாரு?”

“விஞ்சு ஓட்டுறவரு ஒருத்தரு. பஞ்சாபிக்காரரு.”

தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் காலத்தில் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். “தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்லா. அசர மாட்டான்.” இருபது தடவையாவது கேட்ட கதை அது. ஆனாலும் அடுத்த ட்ரிப்பில் அந்தப் பஞ்சாபிக்காரருக்கு ஒரு பாக்கெட் மக்ரூன் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பூச்சிக் கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான். “அம்புட்டு இருட்டுல கண்ணு எதுக்குல அதுக்கு?”

பதில் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பதில் ஒரு சிமெண்ட் இரவில் கிடைத்தது. கிணற்றுக்குள் இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் செலுத்திவிட்டு, அது இறுகும்வரை மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். ரிக்கில் எல்லாரும் தூங்கி வழிகிற நேரம். ஆர்.ஓ.வி.யைச் சும்மா கீழே நிறுத்தியிருந்தோம். தாத்தாவின் கேள்வியைச் சேட்டனிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். எங்களிடம் கறுப்பு வெள்ளையில், மங்கிய ஒளியையும் பிடிக்கிற கேமரா ஒன்று இருந்தது. அதன் திரையை மட்டும் விட்டு வைத்தார். கண்டெய்னர் விளக்கையும் அணைத்தாயிற்று.

முதலில் ஒன்றும் இல்லை. திரையின் இரைச்சல் புள்ளிகள் மட்டும். பிறகு ஒரு புள்ளி மற்றவற்றைவிடக் கொஞ்ச நேரம் நின்றது. அணைந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு. சேட்டன் த்ரஸ்டர் விசிறியை ஒரே ஒரு சுற்று விட்டார். தண்ணீர் கலங்கிய வழியெல்லாம் பற்றிக்கொண்டது. தீபாவளிச் சங்குசக்கரத்தை ரொம்ப தூரத்திலிருந்து பார்த்த மாதிரி. பிறகு ஒவ்வொன்றாக அணைந்தது. தூரத்தில் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாமல், வரிசையாக நாலைந்து ஒளிகள், யாரோ படியேறிப் போவதுபோல, மேல்நோக்கிப் போய் மறைந்தன. அது மீனா, கணவாயா, வேறெதுவோ தெரியாது. விளக்கைப் போட்டிருந்தால் அது எங்களுக்குத் தெரிந்திருக்கும். அது செய்துகொண்டிருந்தது தெரிந்திருக்காது.

தாத்தாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “ராத்திரி துடுப்பு போட்டா தண்ணி மினுங்குமே, பாத்ததில்லையா நீ? அது மேலயே அப்படின்னா, கீழ கேக்கணுமா.” கேள்வியைக் கேட்டவருக்குப் பதில் முன்பே தெரியும்போல.

ஒரு தடவை பார்த்த பறக்கிற அட்டையைச் சொல்லாமல் விட்டால் அவர் ஆவி என்னை விடாது. அட்டை என்றால் தூத்துக்குடிக்காரனுக்குக் கடல் அட்டைதான். அவித்து உலர்த்தி வெளிநாட்டுக்குப் போனது. 2001-இல் வன உயிரினச் சட்டத்தில் சேர்த்துப் பிடிக்கவே கூடாது என்று ஆன பிறகு எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்தது. நமக்குத் தெரிந்த அட்டை கிடந்த இடத்தில் கிடக்கும். ஆயிரத்து அறுநூறு மீட்டரில் நான் பார்த்தது பறந்தது. மருதாணிச் சிவப்பில் கண்ணாடி உடம்பு. தலைப்பக்கம் கொசுவலைபோல ஒரு விசிறி. அதை விரித்து, மடக்கி, விரித்து எழும்பியது. குடல் முழுக்கச் சேறு நிரம்பியிருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது. தாத்தா வாய்விட்டுச் சிரித்தார். “தின்னது வெளிய தெரியுதா? அப்ப அதுக்குப் பொய் சொல்ல ஏலாது.”

முக்காலி மீனுக்கும் ஓர் இடம் உண்டு. துடுப்பில் மூன்று நீண்ட குச்சிகளை ஊன்றி, நீரோட்டத்தைப் பார்த்தபடி சேற்றின் மேல் அசையாமல் நிற்கும். கண் சின்னது. முன்துடுப்புகளை ஆன்டெனாபோல விரித்து, ஓட்டத்தில் வந்து முட்டுகிற இரைக்காகக் காத்திருக்கும். ஒலிக்கருவி ஒன்றைத் தரையில் இறக்கி வைக்க வேண்டிய குறியிட்ட இடத்தில், மிகச் சரியாக அதன் மேலேயே, ஒரு மீன் நின்றது. கையால் அசைத்தேன். போகவில்லை. சேட்டன் மூன்று மீட்டர் தள்ளி வைக்கச் சொன்னார். லாக்: குறியிட்ட இடத்தில் தரை இளகல். அந்த ட்ரிப் முழுக்க, போகும்போதும் வரும்போதும் அது அங்கேயே நின்றது. வாட்ச்மேன் என்று பேர் வைத்தோம்.

மனதில் உறுத்திக்கொண்டே இருப்பது வேறு ஒன்று.

வேறொரு கிணறு. இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டிய ஆழம். சேட்டன் சாப்பிடப் போயிருந்தார். நான் ஓட்ட, கூட இருந்த தெலுங்குப் பையன் கேபிள் பார்த்துக்கொண்டிருந்தான். தரையிலிருந்து பத்து மீட்டர் மேலே, விளக்கின் ஓரத்தில், ஏதோ தொங்கியது. முதலில் வலை என்று நினைத்தேன். கிட்டே போனால், மேலே காதுபோல இரண்டு பெரிய துடுப்புகளை மெதுவாக அசைத்தபடி ஒரு கணவாய். அதன் கைகள் நேராகத் தொங்கவில்லை. பக்கவாட்டில் விரிந்து, முழங்கை வைத்தது மாதிரி மடங்கி, அங்கிருந்து நூலாகக் கீழே இறங்கின. இறங்கின, இறங்கின, கேமராவைத் தாழ்த்தித் தாழ்த்திப் பார்த்தும் நுனி வரவில்லை. ஊசிக்கணவாய் தின்று வளர்ந்தவன் நான். கணவாய்க்கு முழங்கை உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பையன் சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான். பதினைந்து விநாடி, இருபது விநாடி. அது ஒரு தடவை துடித்து மேலேறிப் போய்விட்டது.

டேப் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் வி.எச்.எஸ். கேசட். ஷிப்ட் முடிந்ததும் நாளும் எண்ணும் எழுதி அடுக்குவோம். ஒரு மாதம் எந்தக் கேள்வியும் வராவிட்டால் அதே கேசட்டில் மேலே பதிவு செய்துகொள்வது வழக்கம். அந்தக் கேசட்டைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். அதன் பிரதி கேட்டுக் கரை அலுவலகத்துக்குக் கடிதமும் எழுதினேன். பதில் வரவில்லை. இருபத்தெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்து ரேக்கில் தேடினால், என் கையெழுத்திலிருந்த எண்ணை அடித்துவிட்டு வேறொரு எண் எழுதியிருந்தது. போட்டுப் பார்த்தேன். ஆறு மணி நேரம் ஒரு வால்வு. யாரையும் குறை சொல்வதற்கில்லை. கேசட் பற்றாக்குறை. வால்வைப் பதிவு செய்தவனுக்கு அதுதான் வேலை.

பின்னால் மெக்சிகோ வளைகுடாவில், பெர்டிடோ என்ற இடத்தில், 2007 நவம்பரில் ஓர் ஆர்.ஓ.வி. கேமரா அப்படி ஒன்றைப் பிடித்தது. ஏறக்குறைய 2,400 மீட்டர் ஆழம். மேக்னபின்னா என்று அந்தக் கணவாய்க்குப் பேர். அந்தப் படம் கைமாறிக் கைமாறி, மெயிலில் எல்லா ரிக்குக்கும் வந்தது. சேட்டன் அப்போது வேறு கப்பலில். அவர் அனுப்பிய மெயிலில் ஒரே வரி. “மோனே, நிண்டெ முழங்கை.” நான் பார்த்தது அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். டேப் இல்லை, சாட்சிக்கு ஒரு தெலுங்குப் பையன். லாக்கைப் புரட்டினால் அந்த நேரத்தில் ‘விசிபிலிட்டி மோசம்’ என்றுதான் இருக்கும். எழுதியவன் நானே.

2010-இல் அதே வளைகுடாவில் கிணறு வெடித்துப் பதினொரு பேர் செத்து, 87 நாள் எண்ணெய் பீறிட்டது. கடல் தரையில் நின்ற ஆர்.ஓ.வி.களின் படம் உலகமெங்கும் டி.வி.யில் நேரடியாக ஓடியது. அம்மா முதல் தடவையாக என் வேலையைப் பார்த்தது அப்போதுதான். பழுப்புப் புகையையும் அதற்கு முன்னால் தடுமாறும் இரும்புக் கையையும் ரொம்ப நேரம் பார்த்தாள். “நீ இதையா செய்யுத?” என்றாள். பிறகு டி.வி.யை அணைத்துவிட்டாள்.

தாத்தா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தக் கப்பை அவர் கையில் கொடுத்தது கடைசி லீவுக்கு முந்தைய லீவில். ஆழத்தைச் சொன்னேன், அழுத்தத்தைச் சொன்னேன். அவர் தன் பேரைத் தடவிப் பார்த்தார். பிறகு கப்பைக் கேட்காத காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “உள்ள இது மாதிரிதான் ஆயிருக்கும், என்ன?” என்றார். சிரித்தாரா இல்லையா என்று இன்றும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். “பத்திரமா வையி. ஒடையாது, ஆனா தொலைஞ்சு போவும்.”

இப்போது காலம் எவ்வளவோ மாறிவிட்டது. படம் துல்லியமாகி, கேசட் போய், ஹார்ட் டிஸ்க் வந்துவிட்டது. பைலட்டுகள் எடுக்கும் படங்களைக் கேட்டு வாங்கி ஆராய, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் ‘சர்பென்ட்’ என்றே ஒரு திட்டம் நடத்தினார்கள். கரையில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தே கடலுக்கடியில் ஓட்டுகிறார்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேர் உட்கார்ந்து 6,000 மீட்டர் இறங்கும் ‘மத்ஸ்யா’வைச் செய்துகொண்டிருக்கிறது. 80 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு டைட்டானியம் உருண்டை. ஜன்னல் வழியாகச் சொந்தக் கண்ணால் பார்ப்பார்கள். தாத்தா கட்சி கடைசியில் ஜெயித்துவிட்டது.

தம்பி மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பேப்பர் கப்புடன் வந்தாள். தெர்மோகோல் கப் இப்போது எங்கே கிடைக்கிறது? ஸ்கெட்ச் பேனாவில் அவள் பேர், பக்கத்தில் ஒரு கணவாய். முழங்கை மறக்காமல் இருந்தது.

“பேப்பர் சுருங்காதும்மா. கூழாப் போயிரும். ஒண்ணும் திரும்பி வராது.”

“பரவால்ல. போகட்டும்.”

என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் அடுத்த வாரம் காக்கிநாடாப் பக்கம் போகிறான். நேற்று வீட்டுக்கு வந்தபோது கப்பை அவனிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். வாங்கிப் பத்திரமாகப் பையில் வைத்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது சந்தேகம் வந்துவிட்டது அவனுக்கு.

“சார், இதைக் கட்டி இறக்க அஞ்சு நிமிஷம் ஆகுமே. லாக்ல என்னன்னு எழுதுறது?”

“விசிபிலிட்டி மோசம்னு எழுதிரு” என்றேன்.